குரூப் டூரில் கொழும்பு: கடைசி நாள் மதியம் எதைப் பார்க்கலாம்?

வணக்கம். திருநெல்வேலியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார், சுருக்கமாக வாசிக்கிறேன். அம்மாவோடு குரூப் டூரில் இலங்கை வருகிறார். கண்டி, நுவரெலியா எல்லாம் முடித்து, கடைசி நாள் கொழும்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணியிலிருந்து 6.30 வரை 'ஷாப்பிங், ஓய்வு நேரம்' என்று போட்டிருக்கிறார்களாம். அதற்குப் பிறகு பஸ் நேரே ஏர்போர்ட். "எங்களுக்கு ஷாப்பிங் வேண்டாம். அந்த நேரத்தில் மியூசியம், கொச்சிக்கடை சிவன் கோவில், தாமரைக் கோபுரம், கல்கிசை கடற்கரை நான்கையும் பார்த்துவிடலாமா? குரூப்பை விட்டுத் தனியாகப் போனால் பிரச்சினை வருமா? அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

தனியாகப் போகலாம், அது உங்களுக்கென்று கொடுத்த நேரம். ஆனால் நான்கையும் பார்க்க முடியாது, முயற்சிகூடச் செய்யாதீர்கள். ஒரு பக்கத்தைத் தெரிவு செய்து அங்கே ஆறுதலாக நேரம் செலவழியுங்கள்.

ஏன் என்று கணக்குப் பார்ப்போம். கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். பஸ் 6.30க்கு வெளிக்கிடுகிறது என்றால் நீங்கள் 6 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். கொழும்பில் நாலரைக்குப் பிறகு அலுவலகம் விடும் நேரம், காலி வீதியும் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டைப் பக்கமும் நெரிந்துவிடும். மற்ற நேரத்தில் 15 நிமிடத்தில் போகிற தூரத்துக்கு அப்போது 45 நிமிடம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆக, ஐந்தே காலுக்கு நீங்கள் பார்க்கும் இடத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும். இந்தப் பக்கம், 2 மணி என்று போட்டிருந்தாலும் சாப்பாடு முடிந்து, எல்லோரும் கை கழுவி, கைட் அறிவிப்புச் சொல்லி முடிக்க இரண்டரை ஆகும். வண்டி பிடித்துப் போய் இறங்கும்போது மூன்று. உங்கள் நாலரை மணி நேரத்தில் உண்மையில் மிஞ்சுவது இரண்டேகால் மணி நேரம்தான். கல்கிசை, கொழும்பின் மையமான 'கோட்டை' பகுதியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே, கொச்சிக்கடை வடக்கே. இந்த இரண்டையும் ஒரே மதியத்தில் வைத்தால் நீங்கள் பார்த்தது ஓட்டோவின் முதுகை மட்டும்தான் என்று ஆகிவிடும்.

அதனால் முதலில் கைட்டிடம் கேட்க வேண்டியது, பஸ் எங்கே இறக்கிவிடும், எங்கே ஏற்றும் என்பதுதான். இதைக் கடைசி நாளில் கேட்காதீர்கள், வந்து இறங்கிய முதல் நாளே கேளுங்கள். அதை வைத்துத்தான் பக்கத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

நகரமண்டபம், லிப்டன் சுற்றுவட்டப் பக்கம் துணிக்கடைகளுக்கு இறக்கினால் யோசிக்கவே வேண்டாம், மியூசியம். விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில், ஓட்டோவில் சில நிமிடம். 1877இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் திறந்த கட்டடம். 5 மணிக்கு மூடிவிடுவார்கள், டிக்கெட் கொடுப்பது அதற்கு முன்பே நின்றுவிடும், எனவே மூன்று மணிக்கெல்லாம் உள்ளே இருங்கள். எல்லா அறையும் ஏறி இறங்க வேண்டாம், அம்மாவின் முழங்காலுக்கும் அது நல்லதல்ல. கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பாருங்கள். பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் வெண்கலங்களின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள், நம் ஊர் உற்சவமூர்த்தியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தனிச் சந்தோஷம்.

அப்புறம் ஒரு கல்லைத் தேடிப் போங்கள். காலி மும்மொழிக் கல்வெட்டு என்று கேட்டால் காட்டுவார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல், 1409ஆம் ஆண்டு என்று பொறித்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு, தமிழில் தெனாவரை நாயனாருக்கு. தெனாவரை என்பது இலங்கையின் தென்கோடியில் இருக்கும் தெவிநுவர, அங்கிருந்த பெருமாள்தான் அந்த நாயனார். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று சீனப் பேரரசர் கொடுத்ததெல்லாம் தமிழில் பட்டியலாக இருக்கிறது. 1911இல் காலி நகரத்தில் ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். எழுத்து தேய்ந்திருக்கிறது, பழைய வடிவம், அவசரமாகப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. பக்கவாட்டில் நின்று பொறுமையாகப் பார்த்தால் ஓர் எழுத்து, இரண்டு எழுத்து என்று தெரிய ஆரம்பிக்கும். கொழும்புக்கு வருகிற ஒவ்வொரு தமிழரும் இதன் முன்னால் ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும் என்பது என் ஆசை. பெரும்பாலான டூர் பஸ்கள் அந்த வாசலைக் கடந்து போய்விடுகின்றன, எனக்கு அது உண்மையிலேயே மனவருத்தம்.

சரி, பஸ் கோட்டைப் பக்கமோ கடலோரத்துக் காலிமுகத்திடலிலோ விட்டால், புறக்கோட்டையும் கொச்சிக்கடையும். இது நடக்கிற பாதை. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்ட ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், சம்மாங்கோட்டுப் பள்ளி என்று சொல்வோம், 1908இல் கட்டத் தொடங்கியது. தொழுகை நேரம் தவிர்த்துப் போனால், கேட்டுக்கொண்டு உள்ளேயும் பார்க்கலாம், தோளும் காலும் மூடிய உடுப்பு வேண்டும். அங்கிருந்து செட்டியார் தெரு. இரண்டு பக்கமும் நகைக்கடை, நடுவில் பழைய கதிரேசன் கோவில், புதிய கதிரேசன் கோவில். ஆடிவேல் திருவிழாத் தேர் புறப்படும் தெரு இதுதான். அதைத் தாண்டிக் கொச்சிக்கடையில் நீங்கள் கேட்ட பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில். பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டியதை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இலிருந்து 1912 வரை முழுக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். உள்ளே போனதும் வெளிச்சம் குறைந்து, கல் குளிர்ந்து, சத்தம் அடங்கிவிடும். வெளியே லொறி ஹோர்ன் அடிக்கிற அதே தெருவா இது என்று இருக்கும்.

ஆனால் மதியம் நடை சாத்தியிருக்கும். அதனால் கோவிலைக் கடைசியில் வையுங்கள், எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். நடை திறக்கப் பிந்தினால், கிட்டத்தான் புனித அந்தோனியார் ஆலயம். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடம், இன்றைக்கும் சைவர்களும் பௌத்தர்களும் மெழுகுதிரி ஏற்றப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை என்றால் கூட்டம் அதிகம்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புறக்கோட்டை நடப்பதற்குச் சுலபமான இடமல்ல. சாமான் வண்டி தள்ளிக்கொண்டு நாட்டாமைமார், அதாவது சுமை தூக்கும் தொழிலாளர்கள், வேகமாக வருவார்கள், நடைபாதை முழுக்கக் கடை பரப்பியிருக்கும். முழங்கால் வலியோடு அவரை நடக்க வைக்காதீர்கள். பள்ளிவாசல் வரை ஓட்டோ, அங்கிருந்து கோவிலுக்கு இன்னொரு ஓட்டோ, செட்டியார் தெருவை ஓட்டோவில் இருந்தபடியே பார்க்கட்டும். ஊபர் இந்தியாவில் பாவிக்கிற அதே செயலிதான், இங்கேயும் ஓட்டோ வரும். பிக்மீ என்ற இலங்கைச் செயலியும் இருக்கிறது. வீதியில் மறித்தால் மீட்டர் போடச் சொல்லுங்கள். தமிழ் கதைக்கிற சாரதிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காலிமுகத்திடல், கங்காராம விகாரைப் பக்கம் ஒருவர் தானாக வந்து "இன்றைக்கு மட்டும் கோவிலில் விசேஷம், யானை வருகிறது, வாருங்கள்" என்றால் போகாதீர்கள். அந்தப் பயணம் மாணிக்கக்கல் கடையில்தான் போய் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமையோ, பௌர்ணமி விடுமுறையான போயா தினமோ அமைந்தால் புறக்கோட்டையில் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். கோவிலுக்குப் போக அது வசதியான நாள்தான், கடை பார்க்கிற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

தாமரைக் கோபுரம் 350 மீட்டருக்கு மேல் உயரம், 2022இல் மக்களுக்குத் திறந்தது. நகரத்தில் எங்கே நின்றாலும் தெரியும். வரிசையில் நிற்கிற நேரத்தை நினைத்தால் இந்த மதியத்துக்கு நான் சொல்லமாட்டேன். கல்கிசையையும் விடுங்கள். கடல்தான் வேண்டும் என்றால் காலிமுகத்திடலில் சூரியன் மறைவதைப் பாருங்கள், ஆறு, ஆறரைக்குள் அது நடந்துவிடும். பருப்பு வடை மேல் முழு இறாலைப் பதித்துப் பொரித்து, வெங்காயமும் மிளகாய்க் குழம்பும் போட்டுத் தருவார்கள், சூட்டோடு சாப்பிடுங்கள். பஸ் அங்கேயே ஏற்றுகிறது என்றால் இதைவிட நல்ல முடிவு கிடைக்காது.

இப்போது பிரச்சினை வருமா என்ற கேள்வி. கைட்டிடம் சொல்லாமல் போனால்தான் பிரச்சினை. தலை எண்ணி ஆள் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், உங்கள் இலங்கை நம்பர் என்ன என்று ஒரு மெசேஜாக எழுதி அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னது முப்பது பேர் கூட்டத்தில் மறந்துபோகும். பஸ் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் கொழும்பில் பெரிய பஸ்ஸை நினைத்த இடத்தில் நிறுத்தி வைக்க விடமாட்டார்கள், ஏற்றும் இடம் மாறலாம்.

முக்கியமாக, கடைசி நாளில் பெட்டிகள் பஸ்ஸில் இருக்கும். பாஸ்போர்ட், டிக்கெட், அம்மாவின் மருந்து மூன்றையும் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். அவை கையில் இருந்தால், பஸ்ஸைத் தவறவிட்டாலும் உடைந்துபோக வேண்டியதில்லை. ஏர்போர்ட் இருக்கும் கட்டுநாயக்க முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், கொழும்பிலிருந்து அதிவேக வீதி இருக்கிறது. கைட்டுக்கு போன் போட்டு, பெட்டிகளை ஏர்போர்ட்டில் இறக்கிவைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒரு காரில் நேரே அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

உங்கள் கேள்வியில் பஸ் எங்கே இறக்கிவிடும் என்று இல்லை. டூர்க்காரரிடம் கேட்டு அந்த இடத்தையும், என்ன கிழமை என்பதையும் எழுதி அனுப்புங்கள். எந்த ஒழுங்கில் போனால் அம்மாவுக்கு நடை குறையும் என்று பார்த்துச் சொல்கிறேன்.