படுகளம் பார்க்க வந்தவனுக்கு முன்கதை எதற்கு?

(வேலூரில் வீடியோ கேம் ஆடும் கல்லூரி மாணவர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. மற்றவர்களும் வெயிலூருக்குச் சீக்கிரம் பழகிவிடுவீர்கள்.

நம்ம வடாற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து பார்த்திருப்பீர்கள். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து நடக்கும், கடைசியில் துரியோதனன் படுகளம். கர்ண மோட்சம் ஆடுகிற ராத்திரி, கர்ணன் யார் பெற்ற பிள்ளை என்று சனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, கதை எல்லாருக்கும் தெரியும், அதனால் கண் முழுக்க ஆட்டக்காரரின் காலில்தான் இருக்கும். அடவு ஒன்று தப்பினால் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற பாட்டியே உச்சு கொட்டும்.

ஆக்‌ஷன் கேம்களுக்குப் பின்னால் வருகிற எக்ஸ்பேன்ஷனுக்கும், அதாவது வெளியான ஆட்டத்தோடு சேர்த்து ஆடுகிற கூடுதல் பகுதிக்கும், இந்தச் சலுகை உண்டு. எந்த பட்டன் எதற்கு என்று சொல்லித்தர வேண்டாம், உலகத்தை அறிமுகப்படுத்த வேண்டாம், முதல் நிமிஷமே சண்டையில் இறங்கலாம். ஆனால் நிறைய பேர் இந்தச் சலுகையை வீணடிக்கிறார்கள். பத்து எதிரி நின்ற இடத்தில் இருபது பேரை நிறுத்தி, பாஸுக்கு, அதாவது பெரிய எதிரிக்கு, உயிரைக் காட்டுகிற ஹெல்த் பாரை இரண்டு மடங்காக்கி விட்டால் அது எக்ஸ்பேன்ஷனா? ஆள் கூடிவிட்டது என்று குழம்பில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது.

முதல் ஆட்டம் நம்ம கைக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிடுகிறது, நல்ல எக்ஸ்பேன்ஷன் அந்தப் பழக்கத்தைப் பிடித்து உலுக்குகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

கோஸ்ட் ஆஃப் சுஷிமா என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலையில் வந்தது, 1274இல் மங்கோலியர்கள் ஜப்பான் மேல் படையெடுத்த காலத்துக் கதை. அதில் நாயகன் ஜின்னுக்கு வாள் பிடித்து நிற்க நாலு நிலைகள்: வாள்காரனுக்குக் கல், கேடயக்காரனுக்கு நீர், ஈட்டிக்காரனுக்குக் காற்று, தடியனுக்கு நிலா. கன்ட்ரோலரில் ஆர் டூ பட்டனை அழுத்திப் பிடித்து இன்னொரு பட்டனைத் தட்டினால் நிலை மாறும். ஆரம்பத்தில் அருமையாக இருக்கும். இருபது மணி நேரம் ஆடிய பிறகு அது வாய்ப்பாடு ஆகிவிடும், ஈட்டி தெரிந்தால் காற்று, கேடயம் தெரிந்தால் நீர் என்று மூளையைக் கேட்காமலே விரல் போய்விடும். நான் ஒரு கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டே ஆடியிருக்கிறேன், பொய்யில்லை.

2021 ஆகஸ்டில் அதற்கு இகி தீவு என்ற எக்ஸ்பேன்ஷன் வந்தது. அங்கே ஒரே எதிரி சண்டைக்கு நடுவில் ஆயுதத்தை மாற்றுகிறான். கேடயத்தோடு வந்தவன் என்று நீர் நிலைக்குப் போனால், அதற்குள் அவன் கையில் ஈட்டி. இது போதாதென்று கூட்டத்துக்குப் பின்னால் ஷாமன் என்ற மந்திரவாதி ஒருவன் நின்று ஓதிக்கொண்டிருப்பான், அவன் ஓத ஓத மற்றவர்களுக்கு வெறி ஏறும். முன்னால் இருப்பவனை முடிப்பதா, ஷாமனிடம் ஓடுவதா? புது நிலை எதையும் தலையில் கட்டாமல், கையில் இருந்த அதே நாலு நிலைகளை மறுபடி யோசித்து ஆட வைத்துவிட்டார்கள். டீ கிளாஸ் அன்றைக்கே கீழே போனது.

காட் ஆஃப் வார் ராக்னராக்குக்கு 2023 டிசம்பரில் வல்ஹல்லா என்ற எக்ஸ்பேன்ஷன் வந்தது, அதுவும் இலவசமாக. மூல ஆட்டத்தில் நீங்கள் சேர்த்து வைத்த கவசமும் லெவலும் அங்கே செல்லாது. செத்தால் வாசலிலிருந்து மறுபடி தொடக்கம். என்ன பலம் கிடைக்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால், மூல ஆட்டம் முழுக்கக் கோடாரியை வீசியே காலம் தள்ளிய என்னைப் போன்ற ஆட்கள் வாளையும் ஈட்டியையும் எடுத்தே ஆக வேண்டும். நாயகன் க்ரேடாஸின் பழைய கிரேக்கப் பாவங்களும் அதில் வருகின்றன, அது தனிக் கச்சேரி, இன்னொரு நாள் பேசலாம்.

டெவில் மே க்ரை 5 கேமில் பின்னால் சேர்த்த வெர்ஜில் என்ற வீரனையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: ஓடினால், அடி தவறினால், அடி வாங்கினால் அவனுடைய கவன மீட்டர் குறையும், நிதானமாக நடந்தால் ஏறும். அடித்துப் பிடித்து ஆடுகிற நம்மை அந்த ஒரு மீட்டர் அடக்கி உட்கார வைக்கிறது.

அப்புறம், திட்ட வேண்டியதும் ஒன்று இருக்கிறது. டூம் எடர்னல் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் எனக்கு உயிர். ஆனால் 2020 அக்டோபரில் வந்த அதன் எக்ஸ்பேன்ஷன் ஏன்ஷியன்ட் காட்ஸ் முதல் பாகத்தில் ஒரு ஆவி வரும், வேறு பேய்க்குள் புகுந்து அதை வெறி பிடிக்க வைக்கும். அந்த உடம்பைச் சாய்த்த பிறகு ஆவியை பிளாஸ்மா துப்பாக்கியின் மைக்ரோவேவ் கதிரால் மட்டும்தான் அழிக்க முடியும், கதிரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊர்கிற நேரத்தில் மற்ற பேய்களெல்லாம் முதுகில் வந்து விழும். பழக்கத்தை உடைக்கிறார்களே, நல்லதுதானே என்று கேட்கலாம். இகியில் என் பழக்கத்தை உடைத்தார்கள், ஆனால் ஷாமனை அம்பால் முடிப்பதா, குனாய் என்ற எறிகத்தியால் முடிப்பதா, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் வெட்டுவதா என்பதை என்னிடமே விட்டார்கள். இங்கே பூட்டையும் கொடுத்து, சாவியையும் அவர்களே கொடுத்து, திற என்கிறார்கள். ஒரே பதில் இருக்கிற கேள்வியை எத்தனை தடவை எழுதுவது?

சரி, பின்னால் டிவி தயாராக இருக்கிறது, வல்ஹல்லா போட்டு வைத்திருக்கிறேன். முதல் ஆட்டம் என்னுடையது. கோடாரியைத் தொடமாட்டேன், தொட்டால் எல்லாருக்கும் டீ என் செலவு. டீக்கடைக்காரருக்கு இப்போதே சொல்லிவிடலாம்.