மேடு பழசு, மூச்சிரைப்பு புதுசு

நேயர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்குக் கோவையில் கீமோ முடித்த மூன்றாம் மாதம் என்னிடம் வந்தார். லைன் வீட்டுக்கு ஏறும் படியில் மூச்சு வாங்குகிறது என்றார். குளிர், மேடு, உடம்பு இன்னும் தேறவில்லை என்று நினைத்துச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தேன். அடுத்த மாதம் கால் வீங்கி வந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறேன் என்றார். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எடுத்தோம். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் 100க்கு 55 பங்கு ரத்தத்தையாவது வெளியே தள்ள வேண்டும். அவருக்கு 35.

அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. மலை உயரம், காற்று மெலிசு, எல்லாம் சரி. ஆனால் இங்கேயே பிறந்து நாற்பது வருடம் ஏறின மேடு அது. மேடு மாறவில்லையே!

அவருக்கு ஏறியது டாக்ஸோரூபிசின், எல்லோரும் சிவப்பு மருந்து என்பார்களே, அது. புற்றை அழிக்கும்போது இதயத் தசையையும் கொஞ்சம் அரிக்கும். மொத்த அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகைப் புற்றுக்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் வேறு மாதிரி. இதயம் தளர்ந்தாலும், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். அதனால்தான் அது ஏறும் காலத்தில் 3 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்க்கிறார்கள்.

மூச்சு வாங்குவதற்கு முன்பே இதயம் சேதி சொல்லிவிடும். இதயத் தசை அடிபட்டால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறும். எக்கோவிலேயே ஸ்ட்ரெயின் என்று தசையின் சுருக்கத்தை அளப்பார்கள். முதலில் இருந்ததைவிட அது 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் எச்சரிக்கை. இத்தாலியின் மிலன் நகர மருத்துவர்கள், சிவப்பு மருந்து வகையால் இதயம் தளர்ந்த 201 பேரைக் கவனித்து 2010இல் எழுதினார்கள். கீமோ முடிந்து 2 மாதத்துக்குள் இதய மாத்திரை தொடங்கியவர்களில் 64 சதவீதம் பேருக்கு இதயம் முழுசாகத் தேறியது. 6 மாதம் தாண்டித் தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூட அப்படித் தேறவில்லை. அந்த மாத்திரையோ அபூர்வமானது இல்லை. எனலாப்ரில், கார்வெடிலால். ரத்த அழுத்தத்துக்கு நம்மில் பலர் தினமும் போடுவதுதான்.

இதைக் கேட்டுப் பயந்து கீமோவை நிறுத்திவிடாதீர்கள். உயிரைக் காப்பது அந்த மருந்துதான். முதல் டிரிப் ஏறும் முன்னே ஒரு எக்கோ கேளுங்கள். அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். முதல் எண் தெரிந்தால்தான் பின்னால் குறைந்ததா என்று சொல்ல முடியும். கீமோ முடிந்தும் ஒரு வருடத்துக்குள் மறுபடி பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை. அம்மா எந்தப் படியில் நிற்கிறார் என்று பாருங்கள். போன மாதம் நிற்காத இடத்தில் இந்த மாதம் நின்றால், தலையணை ஒன்று இரண்டானால், சாயந்திரம் செருப்பு வார் காலில் பதிந்தால், அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்க வேண்டாம். பழைய எக்கோ சீட்டையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள்.

அந்த அக்காவுக்கு இப்போது 46. கூடை தூக்குவதில்லை, நாற்றங்காலில் வேலை. அடுத்த எக்கோவுக்குத் தை மாதம் கீழே இறங்குகிறார்.

வணக்கம்.