மூணு எட்டு அறையில் 45 நிமிஷ ஓட்டம்

[திரை இருட்டு. கான்கிரீட் தரையில் காலடி விழும் சத்தம் மட்டும். ஒரே தாளம்.]

இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்க. யாரோ ஓடுறாங்க. ஆனா சத்தம் கிட்ட வரவும் இல்ல, தூரமா போகவும் இல்ல. நின்ன இடத்துலயே ஓடுற ஓட்டம் இது. சத்தம் நாங்க சேர்த்தது. ஓட்டம் நிஜமா நடந்தது.

[கடல். தூரத்தில் தட்டையாக ஒரு தீவு.]

இடம், தென்னாப்பிரிக்காவில கேப் டவுனுக்கு எதிர்ல இருக்கிற ராபன் தீவு. ஓடுறவர், அந்த நாட்டு நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடின நெல்சன் மண்டேலா.

1964 ஏப்ரல் 20-ம் தேதி, பிரிட்டோரியா நீதிமன்றத்துல குற்றவாளிக் கூண்டுல நின்னு ஒரு நீண்ட உரையை வாசிச்சார். எல்லாரும் சமமா வாழற ஒரு நாடு வேணும், தேவைப்பட்டா அதுக்காக நான் சாகவும் தயார்னு அதை முடிச்சார். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி வேற ஒரு இடத்துல தேவைப்படும்.

தூக்குத் தண்டனை வரும்னு தான் எல்லாரும் எதிர்பார்த்தாங்க. ஜூன் 12-ம் தேதி ஆயுள் தண்டனை கொடுத்தாங்க. அடுத்த நாளே தீவு. கைதி எண் 466/64. அதாவது 1964-ல அங்க வந்த 466-வது கைதி.

[அனிமேஷன்: ஓர் அறையின் தரைப்படம். ஓர் ஆள் உருவம் படுக்கிறது.]

அறை எவ்வளவு பெருசுன்னா, மூணு எட்டு வச்சா எதிர்ச் சுவர் வந்துடும். ஆறடிக்கு மேல உயரமான மனுஷன் அவர். படுத்தா கால் ஒரு சுவர்ல முட்டும், தலை இன்னொரு சுவர்ல உரசும். ஒரு பாய், மெலிசான போர்வைகள், மலஜலத்துக்கு மூடி போட்ட ஒரு இரும்பு வாளி. முகம் கழுவ, சவரம் பண்ண, அந்த வாளியோட மூடியில தான் தண்ணி ஊத்திக்கணும். ராத்திரி முழுக்க விளக்கு எரியும். ஆறு மாசத்துக்கு ஒரு கடிதம், ஆறு மாசத்துக்கு ஒரு சந்திப்பு.

வயசு 46. வெளிய வர தேதின்னு ஒண்ணே கிடையாது.

இப்ப அந்தக் காலடிச் சத்தத்துக்கு வருவோம். வாரத்துல திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும், காலையில அறைக் கதவு திறக்கிறதுக்கு முன்னாடி, நின்ன இடத்துல ஓட்டம். 45 நிமிஷம் வரைக்கும். அது முடிஞ்சதும் விரல் நுனியை ஊன்றி 100 தண்டால், 200 சிட்-அப், 50 பஸ்கி. வெள்ளி, சனி, ஞாயிறு ஓய்வு. இந்தக் கணக்கை அவரே சுயசரிதையில எழுதி வச்சிருக்கார்.

சின்னதா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 45 நிமிஷம், நாலு நாள், 180 நிமிஷம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் இன்னிக்குச் சொல்லுது. பூங்கா, நடைபாதை, ஜிம் எல்லாம் பக்கத்துலயே வச்சுக்கிட்டு நம்மில பலர் அதை எட்டுறதில்ல. என்னையும் சேர்த்துத் தான் சொல்றேன்.

அது ஏன் திங்கள்ல இருந்து வியாழன்?

[பழைய குத்துச்சண்டைக் கூடம். தொங்கும் மணல் மூட்டை.]

இந்தப் பழக்கம் சிறையில பிறந்தது இல்ல. 1950-கள்ல ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல ஆர்லாண்டோவுல ஒரு சமூகக் கூடம் இருந்தது. அங்க சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம் குத்துச்சண்டைப் பயிற்சி, திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும். பகல்ல வக்கீல் வேலை, இடையில அரசியல், அப்பப்போ தடை உத்தரவு, கைது. இந்த எல்லாப் பாரத்தையும் அந்தக் கூடத்துல இறக்கி வச்சுட்டுப் போவார். அவர் ஒண்ணும் பெரிய குத்துச்சண்டை வீரர் இல்ல. வேகம் குறைவு, அதை ஈடுகட்டுற பலமும் போதலன்னு அவரே ஒத்துக்கிறார். அவருக்குப் பிடிச்சது பயிற்சி தான்.

கூட மூத்த மகன் தெம்பியும் வருவான். பத்து வயசுப் பையன், ஒல்லிக்குச்சி, ஆனா பயிற்சியில தீவிரம். அங்க ஒவ்வொரு நாளும் யாராவது ஒருத்தர் தலைமை ஏற்று நடத்தணும். தெம்பி முறை வந்தா, அப்பான்னு எல்லாம் பார்க்க மாட்டான். "மிஸ்டர் மண்டேலா, எங்க நேரத்தை வீணாக்குறீங்க. ஈடுகொடுக்க முடியலன்னா வீட்டுக்குப் போய்க் கிழவிங்க கூட உட்காருங்க"ங்கிற மாதிரி அதட்டுவானாம். மொத்தக் கூடமும் சிரிக்கும்.

ஆக, தீவுக்குப் போகும்போது அவர் கையில இருந்த சொத்து இந்தக் கால அட்டவணை தான். துணிமணி, புத்தகம், கைக்கடிகாரம் எல்லாத்தையும் பறிக்கலாம். திங்கள்கிழமை காலையில ஓடணும்ங்கிற பழக்கத்தை எந்த வார்டரும் பறிக்க முடியல. தண்ணி தலைக்கு மேல போனப்புறம் நீச்சல் கத்துக்க முடியாதுங்க. அவர் கரையில இருந்தப்பவே கத்துக்கிட்டார்.

இங்க ஒரு சண்டை போடணும் எனக்கு. இந்த மாதிரிக் கதையைச் சொன்னா உடனே ஒருத்தர், "கஷ்டம் தான் மனுஷனைப் புடம் போடும்"னு ஆரம்பிப்பார். புடத்துல போட்டாத் தங்கம் மின்னும், சரி. விறகைப் போட்டா? கஷ்டம் தன்னால யாரையும் பலமாக்காது. மண்டேலாவையும் ஆக்கல. அவர் உடம்பு என்ன பாடுபட்டதுன்னு பாருங்க.

[கண் கூசும் வெள்ளைச் சுண்ணாம்புக் குவாரி.]

1965 ஜனவரியில அவங்களைச் சுண்ணாம்புக்கல் குவாரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஆறு மாசம் தான்னு சொன்னாங்க. 13 வருஷம் ஆச்சு. கோடை வெயில் அந்த வெள்ளைப் பாறையில பட்டுத் திரும்பி நேரா கண்ணுல அடிக்கும். கருப்புக் கண்ணாடி கேட்டாங்க. கிடைக்க ஏறக்குறைய மூணு வருஷம். அதுவும் சொந்தக் காசுல. அந்த வெளிச்சமும் தூசியும் அவர் கண்ணை நிரந்தரமாக் கெடுத்தது. ஜனாதிபதி ஆனப்புறமும், படம் எடுக்கிறவங்க ஃபிளாஷ் போடக் கூடாதுன்னு கேட்டுக்குவாங்க. அதுக்குக் காரணம் இந்தக் குவாரி தான்.

இதுல ஒரு விசித்திரம். அந்தக் குவாரிக்குப் போறதை அவர் வெறுக்கல. தீவு வழியா ஒரு இருபது நிமிஷ நடை, வானம், பறவை, கடல் காத்து, உடம்புக்கு வேலை. அறைக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்னு எழுதுறார். ஒரே குவாரி தான், கண்ணைக் கெடுத்ததும் மனசைக் காப்பாத்தினதும்.

அப்புறம் சாப்பாடு. அங்க சாப்பாட்டுக்கும் தோல் நிறம் பார்த்தாங்க. ஆப்பிரிக்கக் கைதிக்கு மூணு வேளையும் மக்காச்சோளம், கஞ்சியாவோ வேகவச்சோ. இந்தியர், கலப்பினத்தவர்னு பதிவானவங்களுக்குச் சாயங்காலம் ஒரு துண்டு ரொட்டி உண்டு. ஆப்பிரிக்கருக்குக் கிடையாது. ஏன்னா ரொட்டி ஐரோப்பியச் சாப்பாடு, அவங்களுக்குப் பிடிக்காதாம்! உடையிலயும் அதே கதை. கூடவே தண்டனை வாங்கி வந்த அகமது கத்ராடா, குஜராத்தி வம்சாவளி, அவருக்கு முழுக்கால் சட்டை. மண்டேலாவுக்கு, அந்த வயசுல, அரைக்கால் சட்டை. "பையன்"னு கூப்பிடறதுக்குத் தோதா.

மண்டேலா இதை எதிர்த்துப் புகார் மேல புகார் கொடுத்தார். ரெண்டு வாரத்துல அறையில ஒரு பழைய காக்கி முழுக்கால் சட்டை கிடந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, மத்தவங்களுக்கும் கொடுத்தீங்களா? இல்லன்னதும் திருப்பிக் கொடுத்துட்டார். சாப்பாட்டுல நிறம் பார்க்கிறது 1979-ல தான் ஒழிஞ்சது. பதினைஞ்சு வருஷப் போராட்டம், ஒரு துண்டு ரொட்டிக்கு.

[முற்றம். சுவர் ஓரமாக ஒரு கீற்று மண்.]

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. முற்றத்துச் சுவரோரம் தோட்டம் போட அனுமதி கேட்டார். வருஷக்கணக்கா மறுத்தாங்க. கடைசியில சரின்னாங்க. அந்த முற்றமே குப்பை கொட்டி மேடாக்கின இடம். தோண்டத் தோண்டக் கல்லு. பகல் முழுக்கக் குவாரியில கல் உடைச்சுட்டு வந்து சாயங்காலமும் இந்த ஆள் கல்லைத் தோண்டுறானே, இவன் பிறவியிலயே சுரங்கத் தொழிலாளி தான்னு நண்பர்கள் கிண்டல் பண்ணாங்க. தோட்டக்கலைப் புத்தகம் வரவழைச்சுப் படிச்சார். தக்காளி, மிளகாய், வெங்காயம் வந்தது. நல்லாக் காய்ச்ச தக்காளியில ஒரு பங்கு வார்டர்களுக்கும் போகும்.

ஒரு தக்காளிச் செடி. நாத்துல இருந்து செல்லமா வளர்த்தது, நல்லாக் காய்ச்சது, அப்புறம் ஏனோ வாடிச் செத்துப் போச்சு. என்ன பண்ணியும் பிழைக்கல. அதைப் பிடுங்கி, வேரைக் கழுவி, தோட்டத்து மூலையில புதைச்சார். அதைப் பத்தி மனைவி வின்னிக்கு எழுதினார். தங்கள் உறவைப் பத்தின பயத்தைத் தான் அந்தச் செடி மேல ஏத்தி எழுதினேன்னு பின்னால அவரே சொல்றார்.

வின்னியும் ஒரு கட்டத்துல சிறையில தான். 1975 பிப்ரவரி 1-ம் தேதி, குரூன்ஸ்டாட் சிறையில இருந்த அவங்களுக்கு எழுதின கடிதத்துல, தன்னைத் தானே அறிஞ்சுக்கச் சிறை அறை நல்ல இடம்னு சொல்லிட்டு, தூங்கப் போறதுக்கு முன்னாடி தினமும் ஒரு 15 நிமிஷம் தியானம் பண்ணுன்னு யோசனை சொல்றார். உடம்புக்குக் காலையில 45, மனசுக்கு ராத்திரி 15.

[காட்சி மாறாமல், வெளிச்சம் மட்டும் குறைகிறது.]

1968-ல அம்மா இறந்தாங்க. இறுதிச் சடங்குக்கு அனுமதி கேட்டார். மறுத்தாங்க.

1969 ஜூலையில ஒரு தந்தி. கார் விபத்துல தெம்பி இறந்துட்டான். அதே தெம்பி தான், "எங்க நேரத்தை வீணாக்குறீங்க"ன்னு அதட்டினவன். வயசு 24. மறுபடியும் அனுமதி கேட்டார். மறுபடியும் மறுப்பு.

அன்னிக்கு மண்டேலா அறைக்குப் போய்ப் படுத்துட்டார். சாப்பாட்டுக்கு வெளிய வரல. நண்பர்கள் எட்டிப் பார்த்தாங்க, அவர் எதுவும் பேசல. கடைசியில, கூடவே தண்டனை வாங்கி வந்த நெருங்கிய நண்பர் வால்டர் சிசுலு வந்தார். பக்கத்துல மண்டி போட்டார். தந்தியைக் கொடுத்தார் மண்டேலா. சிசுலு ஒரு வார்த்தை சொல்லல, கையை மட்டும் பிடிச்சுக்கிட்டார். ரொம்ப நேரம்.

தண்டாலும் பஸ்கியும் ஒண்ணுக்கும் உதவாத ராத்திரி அது. அந்த மாதிரி ராத்திரிக்கு ஒரு சிசுலு வேணும். மனஉறுதின்னு பேசுற பாதிப் பேர் இந்த ஆளை மறந்துடறாங்க.

[மாடித் தோட்டம். பாதியாக வெட்டிய எண்ணெய் டிரம்கள்.]

1982-ல தீவுல இருந்து கேப் டவுன் பக்கத்துல போல்ஸ்மூர் சிறைக்கு மாத்தினாங்க. இப்ப தனி அறை இல்ல, நண்பர்களோட ஒரே கூடம். 63 வயசு. காலை 5 மணிக்கு எழுந்து ஒண்ணரை மணி நேரம் ஓட்டம், கயிறு தாண்டறது, தண்டால். மத்தவங்க யாரும் விடிகாலையில எழுந்திருக்கிற ரகம் இல்ல. நட்ட நடுக் கூடத்துல ஒரு ஆள் தொம் தொம்முன்னு குதிச்சா? எல்லாருக்கும் தன் மேல கடுப்புன்னு அவரே சிரிச்சுக்கிட்டே எழுதுறார். தீவுல இளைஞர்கள் "இந்தப் பெரியவரே பண்றார், நாம பண்ண மாட்டோமா"ன்னு பார்த்துக் கத்துக்கிட்டாங்க. இங்க நண்பர்கள் போர்வையை இழுத்து மூடிக்கிட்டாங்க.

இங்கயும் மாடியில தோட்டம். 16 எண்ணெய் டிரம், பாதியா வெட்டி, மண் நிரப்பி, 32 தொட்டி. கத்தரி, முட்டைக்கோஸ், பீன்ஸ், கேரட், ஸ்ட்ராபெர்ரின்னு ஒரு கட்டத்துல ஏறக்குறைய 900 செடி. ஞாயித்துக்கிழமை சமையலறைக்குக் காய் போகும், மத்தக் கைதிகளுக்குச் சமைக்க.

இவ்வளவு ஒழுங்கா இருந்த உடம்புக்கும் 1988-ல காசநோய் வந்தது. ஈரம் ஊறின சிறை அறைக்குள்ள கிருமி உடற்பயிற்சிக் கணக்குக் கேட்டுட்டு வராதுங்க. ஆனா ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாங்க, நுரையீரல்ல ஓட்டை விழறதுக்குள்ள. நெஞ்சுல கோத்திருந்த நீரை எடுத்தாங்க. 70 வயசுல மருந்து எடுத்துக்கிட்டுத் தேறி வந்தார்.

[வெள்ளை விரிப்பு. ஒரு தட்டு.]

தேறி வர, கான்ஸ்டன்ஷியாபெர்க்னு ஒரு தனியார் கிளினிக்ல சேர்த்தாங்க. முதல் நாள் காலை உணவு வருது. முட்டைப் பொரியல், பன்றி இறைச்சி, வெண்ணெய் தடவின ரொட்டி. முட்டையும் இறைச்சியும் கடைசியா எப்ப சாப்பிட்டோம்னே ஞாபகம் இல்லாத மனுஷன், கரண்டியை எடுக்கிறார். காவலுக்கு வந்த சிறை அதிகாரி, ஒரு மேஜர், குறுக்கே பாயறார். கொலஸ்ட்ரால் குறைவான சாப்பாடு தான் கொடுக்கணும், டாக்டர் உத்தரவு, இதைச் சாப்பிடக் கூடாது.

மண்டேலா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "மன்னிக்கணும் மேஜர். இந்தச் சாப்பாடு என்னைக் கொல்லும்னா, இன்னிக்கு நான் சாகவும் தயார்."

[கரண்டி தட்டில் படும் சத்தம். திரை இருள்கிறது.]