ஒரு ரூபாய் கட்டினால் பார்க்கலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி, தை மாதங்களில் பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் போனால், செவ்வாடை கட்டிய நம் பெண்கள் மேல்மருவத்தூருக்குக் கூட்டம் கூட்டமாகப் பஸ் ஏறுவதைப் பார்க்கலாம். சில பஸ்களின் முன்கண்ணாடியில் அம்மன் படத்துக்குப் பக்கத்திலேயே உள்ளூர் அரசியல்வாதி கும்பிட்டபடி சிரிப்பார். வாடகை அவர் உபயம். வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் மாலை போடுகிறார்கள். அந்த வாடகையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கர்நாடகத்தில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. ஆனால் அந்தக் கணக்கு வேட்புமனு தாக்கல் அன்றுதான் தொடங்குகிறது. அதற்கு முன்பு கொடுத்த பஸ், குக்கர், புடவை எதுவும் அதில் ஏறாது. கட்சி தன் பங்குக்குச் செய்யும் செலவுக்கோ உச்சவரம்பே கிடையாது. இது பச்சை அநியாயம்.

நாலு பேர் சேர்ந்து கேட்டால் என்ன நடந்துவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1999-இல் அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடங்கி, நீதிமன்றப் படியேறினார்கள். 2002-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் வேட்பாளரின் சொத்தும் கிரிமினல் வழக்குகளும் நம் பார்வைக்கு வந்தன. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிவிட்ட தேர்தல் பத்திரங்களை எதிர்த்து வழக்குப் போட்டவர்களிலும் அவர்கள் உண்டு. 2024 பிப்ரவரி 15 அன்று அந்தத் திட்டமே செல்லாது என்றானது. எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பது அடுத்த மாதமே ஊருக்குத் தெரிந்தது.

நம் தெருவில் செய்ய வேண்டியது இதைவிட எளிது. பிரசாரக் கூட்டம் நடந்தால் நாற்காலி எத்தனை, ஷாமியானா எத்தனை, பிரியாணிப் பொட்டலம் எத்தனை, மைக் கட்டிய ஆட்டோ எத்தனை என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். போட்டோவும் எடுங்கள். நாற்காலி, டீ, சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரியின் விலைப்பட்டியல் இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் அன்றைய செலவு வந்துவிடும். பணமோ பரிசோ கைமாறினால் தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் அங்கிருந்தே படம்பிடித்து அனுப்பலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டாரைப் பகைத்துக்கொள்ள நேருமோ என்று தயங்கும் அக்காமார்களுக்கு அது பெரிய தைரியம்.

முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் தன் தேர்தல் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைத்த 2 நாளில் அதிகாரி அதை அறிவிப்புப் பலகையில் தெரிவிப்பார். ஒரு ரூபாய் கட்டினால் யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கைப் பார்க்கலாம். தனிக் கட்டணத்துக்குச் சான்றிட்ட நகலும் கிடைக்கும். உங்கள் நோட்டில் 500 நாற்காலி, அவர் கணக்கில் 150 என்றால், கேள்வி கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

உச்சவரம்பை மீறிச் செலவழிப்பது சட்டப்படி தேர்தல் முறைகேடு. ஜெயித்தவரை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட அந்தத் தொகுதி வாக்காளர் எவருக்கும் உரிமை உண்டு. கெடு, முடிவு வந்ததிலிருந்து 45 நாள். அவர் 30-ஆம் நாள்தான் கணக்கைக் கொடுக்கிறார் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 15 நாள். ஆகவே நகல் வாங்க யார் போவது, எந்த வக்கீலைப் பார்ப்பது என்பதை ஓட்டுப்போடும் நாளுக்கு முன்பே கூடிப் பேசி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.