ஜாங்கிரி மாஸ்டரும் ஜாக்சன் போலாக்கும்

வணக்கம். திரையில் இருப்பது அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலாக் 1948இல் வரைந்த ‘நம்பர் 1ஏ’. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 173 சென்டிமீட்டர், ஓர் ஆள் உயரம், அகலம் 264.

முன்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். “இதை என் பேரனே கிறுக்கிவிடுவான்” என்றுதானே? பரவாயில்லை. 1949இல் லைஃப் பத்திரிகையே, ‘அமெரிக்காவில் வாழும் ஓவியர்களில் இவர்தான் தலைசிறந்தவரா?’ என்று கேட்டது. அந்தக் கேள்வியில் பாதி கிண்டல்தான்.

‘இது என்ன படம்?’ என்று ஆரம்பித்தால் முட்டுச் சந்தில் போய் நிற்போம். எப்படி வரைந்தார் என்று பார்ப்போம். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். வீட்டை ஒட்டி ஒரு பழைய கொட்டகை. துணியைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் சுற்றி நடந்து, குச்சியாலும் காய்ந்து விறைத்த தூரிகையாலும் மேலிருந்து பெயின்ட்டைச் சொட்டவிட்டார். வீட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட்டும் அதில் உண்டு.

ஜாங்கிரி மாஸ்டர் எண்ணெய்ச் சட்டி முன்னால் மாவு பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். கை ஒரு நொடி தயங்கினால் மாவு திட்டாக விழும். வேகம் கூடினால் இழை மெலியும், அறுந்தும் போகும். அந்தக் கண்ணோடு இந்தக் கோடுகளைப் பாருங்கள். தடித்துத் தேங்கிய இடத்தில் கை நின்றிருக்கிறது; மயிரிழையாக ஓடுகிற இடத்தில் தோளிலிருந்தே வீசியிருக்கிறார். அப்புறம், எது அடியில், எது மேலே என்று இழை பிரித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும், அவர் நடந்த தடம் பிடிபட ஆரம்பிக்கும்.

விமர்சகர்கள் இங்கேதான் பிரிந்தார்கள். ஹெரால்டு ரோசன்பர்க் 1952இல், ஓவியத்துணி என்பது செயல் நிகழும் களம் என்றார். கிளெமென்ட் கிரீன்பர்க்குக்கு அந்த நாடகம் வேண்டாம். பரப்பும் வடிவமும் போதும். நான் ரோசன்பர்க் சொல்கிறபடி பார்க்க ஆரம்பித்து, கிரீன்பர்க் சொல்கிறபடி தீர்ப்புச் சொல்கிறவன். எவ்வளவு ஆவேசமாக ஊற்றினார் என்பதற்காக மதிப்பெண் போட முடியாது. ஊற்றியது கட்டுக்கோப்பாக நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

அவர் வரைந்ததில் நிற்காத படமும் உண்டு. ஆஸ்திரேலிய அரசு 1973இல் 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து வாங்க, ஊரே கொதித்ததே, அந்த ‘புளூ போல்ஸ்’! குறுக்கே எட்டு நீலக் கம்புகள். பந்தல் ஆடுகிறது என்று பயந்து கடைசியில் கால் நட்ட மாதிரிதான் எனக்குப் படுகிறது. அதைப் போற்றுகிறவர்கள் ஏராளம், சண்டைக்கு வரலாம்.

திரையில் இருக்கிற இந்தப் படத்தில் அப்படி முட்டுக்கொடுத்த கம்பு எதுவும் இல்லை. மேலே வலது மூலையில் கைத்தடங்கள். அவர் கையையே பதித்திருக்கிறார். தரையில் வரைந்த படத்துக்கு மேல் ஏது, கீழ் ஏது? தம்பி, அந்த ஸ்லைடைத் தலைகீழாகத் திருப்புங்க.

பார்த்தீர்களா? சற்று முன்பு அந்தக் கைகள் எதையோ எட்டிப் பிடிக்கப் போயின. இப்போது இடது மூலையில் தரையை ஊன்றிக்கொண்டிருக்கின்றன.