மவுண்ட் ரோட்டில் நின்று பார்க்க ஓர் இடம்

(நகர வரலாற்று வாரக் கூட்டத்தில் பேசியது, சற்றே திருத்தி எழுதப்பட்டது)

அவைத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பள்ளித் தாளாளர் ஐயா அவர்களே, இன்னொரு கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட பேராசிரியர் நண்பர் அவர்களே, மைக் செட்டுக்காரத் தம்பி, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். போன தடவை ஒருவரை விட்டுவிட்டேன், இன்றுவரை என்னோடு அவர் பேசுவதில்லை.

மவுண்ட் ரோடு என்ற அண்ணா சாலையைப் பற்றி நான்கு விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். சிலைகள், தியேட்டர்கள், கட்டடங்கள், அப்புறம் தெருப் பெயர்கள். நான்குக்கும் பொதுவாக ஒரு பழமொழி உண்டு: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நாம் அதில் கைதேர்ந்தவர்கள்.

தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, தாமஸ் மன்றோ, அவரிடமிருந்து ஆரம்பிப்போம். 1820 முதல் 1827ல் காலராவில் இறக்கும்வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை என்றால் அவர் பெயர்தான். சிலையைச் செய்தவர் பிரான்சிஸ் சான்ட்ரி. குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டாராம், பிறகு தெரிந்து வருத்தத்தில் உயிரை விட்டாராம் என்று ஒரு கதை சொல்வார்கள். சுத்தப் புளுகு. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நான்காம் ஜார்ஜ் சிலையும் இதே சான்ட்ரி செய்ததுதான். அதிலும் சேணம், அங்கவடி கிடையாது. அது அவருடைய பாணி. இதைச் சரிபார்க்க வேண்டும் என்று உங்களில் யாராவது மன்றோவின் காலடிக்குப் போய் நின்றதுண்டா? எப்படிப் போவீர்கள்? சுற்றிலும் பஸ்தான்.

சரி, இப்போது ஒரு கதை. இதே சாலையில், ஸ்பென்சர் பிளாசா பக்கம், இன்னொரு வெள்ளைக்காரர் சிலை இருந்தது. கர்னல் நீல். 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது மதராஸ் பியூசிலியர்ஸ் படையோடு வடக்கே போய், அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்டவர்களையெல்லாம் தூக்கில் போட்டவர். அந்த ஆண்டே லக்னோவில் செத்தார். அவருக்கு நம் ஊரில் சிலை! எழுபது வருஷம்போல் ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். 1927ல் திருநெல்வேலிச் சோமயாஜுலு தலைமையில் தொண்டர்கள் அதை அகற்றக் கிளம்பினார்கள். சும்மா கோஷம் போட இல்லை, அய்யா. கையில் சுத்தியலும் கோடரியும். சிலைமேல் ஏறுவார்கள், நாலு அடி போடுவார்கள், போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போகும். அடுத்த அணி வரும். அவர்களும் நாலு அடி போடுவார்கள். கடலூரிலிருந்து அஞ்சலையம்மாள் வந்தார். தனியாக வரவில்லை, சின்னஞ்சிறு மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேருக்கும் சிறை. அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் வைத்தவர் காந்தி. அஞ்சலையம்மாள் பிற்பாடு சட்டசபைக்கே உறுப்பினராகப் போனார். மாமன்ற உறுப்பினர் அம்மா, நீங்கள் கைதட்டுவது எனக்குத் தெரிகிறது, நன்றி. அந்தப் போராட்டத்தில் ஈடுபட்டவர்களில் விருதுநகர் இளைஞர் ஒருவரும் இருந்தார். காமராஜர். 1937ல் ராஜாஜி பிரதமர் ஆனதும் (அன்று மாகாண முதல்வரை அப்படித்தான் சொன்னார்கள்) நீல் சிலையை எடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1961ல் அதே சாலையில் ஜிம்கானா கிளப் அருகே காமராஜருக்கே சிலை. திறந்துவைத்தவர் நேரு. உயிரோடு இருக்கும்போதே!

இப்போது ஒன்று கேட்கிறேன். அன்று நீல் சிலையைச் சுற்றி ஜனங்கள் கூட முடிந்தது. நின்று வேடிக்கை பார்க்க முடிந்தது. இன்றைக்கு இந்தச் சாலையில் இருக்கும் ஒரு சிலையை நோக்கிச் சுத்தியலோடு போய்ப் பாருங்கள். போலீஸ் வரும் முன்னே 18கே பஸ் வந்துவிடும். (சிரிப்பு) உடைக்கச் சொல்லவில்லை, அம்மா. குறித்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாலையைப் போட்டுவிட்டு இரண்டு நிமிஷம் தலை நிமிர்ந்து பார்க்கக்கூட இடமில்லை என்கிறேன்.

வாலாஜா சாலை முனையில் விரல் நீட்டி நிற்கும் அண்ணாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். செலவில் செய்த சிலை. 1968 ஜனவரி 1 அன்று ஆற்காடு இராமசாமி முதலியார் திறந்துவைத்தார். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது இதே சாலையில் கலைஞர் சிலையைக் கடப்பாரையால் இடித்தார்கள். மேடையில் இரண்டு தரப்பாரும் இருப்பதால் அதற்குமேல் போகவில்லை.

தியேட்டர்களுக்கு வருவோம். 1913ல் வார்விக் மேஜர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர், அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள் இன்னும் இருக்கிறது. தபால்தலை சேகரிப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் மணியார்டர் அனுப்பிவிட்டு வந்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி, சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர், இடித்தாயிற்று. 1964ல் வந்த சஃபையர், புளூ டயமண்ட், எமரால்டு மூன்றும் ஒரே வளாகம். புளூ டயமண்டில் படம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு டிக்கெட்டில் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், வெயில் தாழ்ந்ததும் வெளியே வரலாம். எத்தனை பேருக்குக் கல்லூரியே அதுதான்! அதுவும் போயிற்று. சாந்தி போயிற்று, ஆனந்த் போயிற்று. சாந்தியை மூடியபோது எத்தனை கட்டுரை, எத்தனை கண்ணீர். மூடுவதற்கு முந்தின வருஷம் அங்கே போய்ப் படம் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தேவியும் கேசினோவும் மிச்சம் இருக்கின்றன. இந்த வாரமே போங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

கட்டடங்கள். 1802ல் கோல்டிங்ஹாம் கட்டிய ராஜாஜி ஹால், ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, பி.ஆர் அண்ட் சன்ஸ் மணிக்கூண்டு, 1959ல் நாட்டிலேயே உயரமாக நின்ற பதினான்கு மாடி எல்.ஐ.சி. 1983ல் தீப்பிடித்த பழைய ஸ்பென்சர். இதற்குத் தனிக் கூட்டமே போடலாம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆகவே நான் எங்கே போனாலும் பேசும் விஷயத்துக்கு வருகிறேன். நடைபாதை. அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் க்யூ நின்றதும், சுவரொட்டியை அண்ணாந்து பார்த்ததும், புத்தகக் கடைக் கண்ணாடியில் மூக்கை வைத்ததும் நடைபாதையில்தான். இப்போது அங்கே டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி, அதற்குப் பக்கத்தில் பைக், பைக்குக்கு அந்தப் பக்கம் பள்ளம். ஹிக்கின்பாதம்ஸின் முகப்பை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் நடுரோட்டில் நிற்க வேண்டும். 2014லேயே நம் மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று கொள்கையே வகுத்தது. பாண்டி பஜாரில் 2019ல் அகலமான நடைபாதை போட்டும் காட்டினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? பாரம்பரியம், பாரம்பரியம் என்று மாநாடு போடுகிறோம். காரில் போகிறவனுக்கு மன்றோவும் ஒன்றுதான், மின்கம்பமும் ஒன்றுதான். நடக்கிறவன்தான் நிற்பான், நின்றவன்தான் யார் இவர் என்று கேட்பான். கேட்க ஆள் இருந்தால்தான் இடிக்க வருகிறவன் யோசிப்பான். கட்டடத்தைக் காப்பாற்றக் கோர்ட்டுக்குப் போவது இருக்கட்டும், முதலில் அதன் வாசலில் ஆறடி இடம் கொடுங்கள்.

தெருப் பெயர்களுக்கு நேரமில்லை, நன்றியுரை சொல்பவர் எழுந்துவிட்டார். வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. மன்றோ சிலையிலிருந்து ஸ்பென்சர்வரை இரண்டு பக்கமும் தடையில்லாத நடைபாதை, சிலைகளுக்குப் போக நடப்பவர்களுக்குத் தனி சிக்னல். இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து மாமன்ற உறுப்பினர் அம்மா போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பெயருக்கு நேராக வார்டு எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். போன மனுவை அது இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வணக்கம்.