காதால் வாங்கிய மெட்டு

(டப்ளினில் தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை இன்று மாலை வாடகையின்றித் தந்திருக்கும் பங்குத் தந்தை அவர்களே, அழைத்தவுடன் மறுக்காமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களே, ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு அகரம் எழுதச் சொல்லித் தரும் ஆசிரியைகளே, நூறு பேருக்கு மேல் சமைத்துப் பரிமாறிவிட்டுக் கடைசி வரிசையில் இளைப்பாறும் சகோதரிகளே, பிள்ளைச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம். தந்தை அவர்களுக்கும் மன்ற உறுப்பினர் அவர்களுக்கும் என் மொழி புரியாது. ஆனாலும் ஒன்றரை மணி நேரமாக எழாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பண்புக்கு ஒருமுறை கைதட்டுவோம். அவர்கள் நாட்டின் இசையைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று முன்பே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். இந்த இசை எப்படிப் பிழைத்தது என்பது முதலாவது. ஊர் ஊராகச் செல்லும் ஒரு குழுவின் கச்சேரியில் நான் கண்டது இரண்டாவது. உங்களிடம் ஒரு வேண்டுகோள் மூன்றாவது.

உங்கள் பையிலிருந்து ஒரு யூரோ நாணயத்தை எடுத்துப் பாருங்கள். அயர்லாந்தில் வெளியான நாணயமாக இருந்தால் ஒரு பக்கத்தில் யாழ் இருக்கும். ஹார்ப் என்பதை நான் யாழ் என்றே சொல்வேன். நம் யாழ் வழக்கொழிந்து போயிற்று. இவர்களுடையதும் அந்த நிலைக்குத்தான் வந்தது. 1792-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் யாழ்க் கலைஞர்களைத் திரட்டியபோது வந்து வாசித்தவர்கள் 11 பேர். அதில் ஒருவர் வேல்ஸ்காரர். அவர்கள் வாசித்ததை எழுதி வைக்க அமர்ந்த எட்வர்ட் பன்ட்டிங்குக்கு அப்போது வயது 19. அவர் எழுதியதால் மெட்டுகள் தப்பின. ஆனால் கம்பி நரம்பை மீட்டும் அந்தப் பழைய கைவழி, கற்றுக்கொள்ளச் சீடர்கள் இல்லாமல் அறுந்துபோயிற்று. பின்னால் வந்தவர்கள் குறிப்புகளை வைத்துக்கொண்டு அதைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் தந்தையார் அடிக்கடி சொல்வார். இன்று அதை நானும் அடிக்கடி சொல்லப் போகிறேன், பொறுத்தருளுங்கள்.

மெட்டுகளைக் காத்த இன்னொருவர் பிரான்சிஸ் ஓநீல். கார்க் மாவட்டத்தில் 1848-இல் பிறந்து, கப்பலேறி, அமெரிக்கா சென்று, சிகாகோ நகரத்தின் காவல்துறைத் தலைவராக உயர்ந்தவர். பஞ்சத்தாலும் வறுமையாலும் பிழைப்புத் தேடி வந்திறங்கிய தன் மக்களிடமிருந்து மெட்டுகளைச் சேகரித்தார். 1907-இல் அவர் வெளியிட்ட நடன இசைத் தொகுப்பில் 1,001 மெட்டுகள். இசைக் கலைஞர்கள் இன்றும் அதை ‘அந்தப் புத்தகம்’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஓநீலுக்கு இசைக் குறிப்பு எழுதத் தெரியாது. அவர் வாசித்தும் வாயால் இசைத்தும் காட்ட, ஜேம்ஸ் ஓநீல் என்ற சக காவலர் கேட்டு எழுதினார். அந்தப் புத்தகமே காது வழியாக வந்ததுதான் ஐயா!

1935-இல் அயர்லாந்தில் பொது நடனக்கூடச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாத இடத்தில் பொது நடனம் கூடாது என்றார்கள். அதைக் காட்டி வீட்டு அடுக்களைகளிலும் நாற்சந்திகளிலும் நடந்த ஆட்டங்களையும் தடுத்தார்கள். இசை, மண்டபங்களுக்குள் போயிற்று. பெரிய கூடத்துக்கு ஏற்ற பெரிய குழுக்கள் பெருகின. 1951-இல் முல்லிங்கார் நகரில் கோல்தஸ் என்ற மரபிசை அமைப்பு பிறந்தது. ஊர்தோறும் கிளை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரத் தொடங்கியது. இதைப் பற்றி நிறையச் சொல்லலாம். நேரம் கருதி, நான் கண்ட கச்சேரிக்கு வருகிறேன்.

கிளேர் மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூர். நவம்பர் மழை. ஊர் மண்டபம் நாம் இருக்கும் இதைவிடச் சிறியது. மடக்கு நாற்காலிகள், வாசலில் குலுக்கல் சீட்டு விற்கும் ஒரு பாட்டி, பின்புறம் தேநீர்க் கொதிகலன். நாடு நாடாகச் சுற்றும் ஐந்து பேர் கொண்ட குழு அன்று அங்கே வந்திருந்தது. ஃபிடில், புல்லாங்குழல், கான்செர்டினா, பௌரான், இல்லன் பைப்ஸ். ஃபிடில் நம் வயலின்தான். கான்செர்டினா கையால் விரித்துச் சுருக்கி வாசிக்கும் சிறு துருத்திப் பெட்டி. பௌரான் என்பது ஆட்டுத்தோல் போர்த்த வட்டப் பறை. இல்லன் பைப்ஸ் வாயால் ஊதும் கருவி அன்று. வலது முழங்கைக்கடியில் துருத்தி, இடது அக்குளில் தோற்பை, தொடைமேல் குழல். ஐரிஷ் மொழியில் முழங்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. அந்தக் கலைஞர் குழலிலிருந்து நாணல் சீவாளியைக் கழற்றி, விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, விரல் நுனியால் மெல்ல அழுத்தி, மறுபடி பொருத்தினார். ஈரக்காற்று வீசினால் சீவாளி முரண்டு பிடிக்கும் என்று பக்கத்திலிருந்தவர் காதோடு சொன்னார். நம் நாதஸ்வரக் கலைஞர் சீவாளியைச் சரிபார்க்கும் அதே பொறுமை!

ஜிக் என்று ஒரு வகை. நம் காதுக்கு அது தகிட தகிட என்று திஸ்ர நடையில் ஓடும். முதல் பாதியை இருமுறை, இரண்டாம் பாதியை இருமுறை வாசித்து, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அப்படி ஒன்றை வாசித்து முடித்துத் தேநீர் இடைவேளை விட்டபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்து மேடைப் பக்கம் போனார். மாட்டுப் பண்ணைக்காரர், சேறு காயாத பூட்ஸ். ஃபிடில் கலைஞரிடம், “இரண்டாம் பாதியை எங்கள் ஊரில் இப்படி வாசிக்க மாட்டோம்” என்றார்.

எனக்குப் பதறியது. உலகெங்கும் வாசித்துப் பேர் வாங்கியவர் அவர். என்ன சொல்வாரோ என்று பார்த்தேன். அவர் மேடையிலிருந்து இறங்கினார். ஒரு நாற்காலியை இழுத்து முதியவருக்குப் போட்டார். தான் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். “பாடிக் காட்டுங்கள்” என்றார்.

முதியவர் கண்ணை மூடிக்கொண்டு, சொற்களே இல்லாமல் வாயால் அந்த மெட்டை இசைத்தார். லில்டிங் என்பார்கள். நம் கொன்னக்கோல் தாளத்தைச் சொல்லும். இது மெட்டையே சொல்லும். ஒரு காலால் தரையில் தட்டிக்கொண்டார். முதல் தடவை கலைஞர் வெறுமனே கேட்டார். இரண்டாம் தடவை ஃபிடிலை மடியில் வைத்துக்கொண்டு, வில் இல்லாமல், இடக்கை விரல்களை மட்டும் நரம்பின் மேல் நகர்த்தினார். மூன்றாம் தடவை கூடவே வாசித்தார். ஓரிடத்தில் முதியவர் கையை உயர்த்தி நிறுத்தினார். ஒரே ஒரு சுரம். அதையும் திருத்திக்கொண்டார். யாரோ கொண்டுவந்து வைத்த தேநீர் அவர் பக்கத்திலேயே ஆறிப்போயிற்று. இடைவேளை முடிந்ததும் மேடையேறி, இந்த மெட்டை இந்த ஊரிலேயே, இதோ இவரிடம் கற்றேன் என்று அறிவித்துவிட்டு, அந்தப் பாணியிலேயே வாசித்தார். மண்டபம் எழுந்து நின்றது. முதியவர் மட்டும் எழவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நம் இசையில் இதைப் பாடாந்தரம் என்கிறோம். அந்தக் கலைஞர் ஓநீலின் புத்தகத்தைப் படிக்காதவரா? படித்திருப்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே கிளேர் மாவட்டத்தில், மில்டவுன் மால்பே என்ற ஊரில், வில்லி கிளான்சி என்ற பைப்ஸ் கலைஞர் 1973-இல் மறைந்த பிறகு, அவர் பெயரில் அதே ஆண்டு ஒரு கோடைப் பள்ளி தொடங்கினார்கள். ஜூலையில் ஒரு வாரம் ஊரே வகுப்பறையாகிவிடும். ஒரே அறையில் பேரனும் தாத்தாவும் மாணவர்களாக இருப்பார்கள். நாம் என்ன செய்கிறோம்? ஆண்டுக்கு ஒரு போட்டி வைக்கிறோம். பாட்டைத் தாளில் அச்சடித்துக் கொடுக்கிறோம். பிள்ளை கைப்பேசியைப் பார்த்து மனப்பாடம் செய்கிறது, மேடையேறுகிறது, கேடயம் வாங்குகிறது, மறுவாரம் மறந்துவிடுகிறது. குற்றம் பிள்ளையிடம் இல்லை. பிள்ளை உட்கார்ந்து கேட்க ஒரு பெரியவரையும் ஓர் இடத்தையும் நாம் தரவில்லை. இவர்களும் போட்டி வைக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் போட்டி முடிந்ததும் தெருவிலும் விடுதியிலும் வட்டமாக உட்கார்ந்து விடிய விடிய வாசிக்கிறார்கள். அந்த வட்டம் நம்மிடம் இல்லை.

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, கைகூப்பிக் கேட்கிறேன். இந்த ஆண்டு கேடயங்களுக்கு ஒதுக்கிய தொகையைச் சனிக்கிழமை மாலைகளுக்கு இந்த மண்டபத்தை எடுக்கச் செலவிடுங்கள். ஐந்து மணி முதல் ஏழு மணி வரை போதும். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், நடுவர் வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போட நான் நான்கு மணிக்கே வந்துவிடுகிறேன். தாலாட்டு தெரிந்தவர் வரட்டும், கும்மி தெரிந்தவர் வரட்டும், பறை அடிக்கத் தெரிந்த தம்பி வரட்டும். பக்கத்து வீட்டு ஐரிஷ் பையன் டின் விசில் என்ற சிறு குழலோடு வந்தால் அவனும் வரட்டும். பெயர் எழுதும் தாளை வாசல் மேசையில் வைத்திருக்கிறேன்.

இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சபையில் பாடி முடித்தவருக்கு, அடுத்துப் பாடுபவரை அழைக்கும் உரிமை உண்டு. நோபிள் கால் என்பார்கள். அழைத்தால் மறுப்பது முறையன்று. பேசி முடித்தவன் என்ற முறையில் அந்த உரிமையை நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் வரிசையில், பழுப்புச் சால்வை போர்த்தி அமர்ந்திருக்கும் அம்மா, மகளையும் பேரனையும் பார்க்கத் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். இளம் வயதில் வயலில் பாடிய நடவுப் பாட்டைக் காலையில் அடுக்களையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தீர்கள், கேட்டேன். எழுந்து வர வேண்டாம் அம்மா, உட்கார்ந்தே பாடுங்கள். பிள்ளைகளே, முன்னால் வந்து அவரைச் சுற்றித் தரையில் உட்காருங்கள். தாளும் பேனாவும் வேண்டாம். அந்த ஒலிபெருக்கியை யாராவது அணைத்துவிடுங்கள்.